இ-டைப் ஜாகுவாரின் ஜாதகம்

1960-களின் பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரான ஜாகுவார் இ-டைப் ஒன்று விற்பனைக்கு வந்தால் அதன் விளம்பரம் எப்படி இருக்கும் என்பதைப் படிக்காமலே சொல்லிவிடலாம். 1961 மாடல், 3.8 லிட்டர், தட்டைத் தரை, எண்கள் எல்லாம் பொருந்துகின்றன, கடைசி ஸ்க்ரூ வரை கழற்றி ரெஸ்டோர் செய்தது, ஹெரிடேஜ் சான்றிதழ் கைவசம். கூடவே, உலகின் மிக அழகான கார் இதுதான் என்று என்சோ ஃபெராரி சொன்னதாக ஒரு வரி. எங்கே, எப்போது, யாரிடம் சொன்னார் என்பதை விளம்பரங்கள் சொல்வதில்லை. அது கிடக்கட்டும். மற்ற ஒவ்வொரு சொல்லுக்கும் பண மதிப்பு உண்டு.

பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் இரண்டு இ-டைப்களை எடுத்துக்கொள்வோம். இரண்டும் சிவப்பு. இரண்டின் பெயிண்டிலும் முகம் பார்க்கலாம். ஸ்டார்ட்டர் பட்டனை அழுத்தினால் இரண்டும் முதல் முறையிலேயே கிளம்புகின்றன. ஆனாலும் ஒன்றின் விலை மற்றதைப்போல இரண்டு மடங்காக இருக்கக்கூடும். வித்தியாசம் பளபளப்பில் இல்லை. இந்த விலையில் பழைய கார் வாங்குகிறவர் முக்கால்வாசி அதன் ஜாதகத்தைத்தான் வாங்குகிறார்: எந்த ஆண்டு, எந்த மாதம் பிறந்தது, என்ன நிறத்தில் வெளியே வந்தது, எந்த இன்ஜினோடு வந்தது, அதன்பின் யார் யார் கையில் இருந்தது. சிக்கல் என்னவென்றால், ரெஸ்டோரேஷன், அதாவது பழைய காரைப் பழையபடி புதுப்பிக்கும் வேலையே இந்தத் தொடர்ச்சியை அங்கங்கே வெட்டித்தான் நடக்கிறது. விலையைக் கூட்டுவதும் அதே வேலைதான், குறைப்பதும் அதே வேலைதான்.

கார் பிறந்த கதையைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 1961 மார்ச் 15 அன்று ஜெனீவாவில், ஏரிக்கரைப் பூங்கா ஒன்றில் இருந்த உணவகத்தில், ஜாகுவார் நிறுவனர் வில்லியம் லயன்ஸ் இதைப் பத்திரிகைக்காரர்களுக்குக் காட்டினார். அங்கே நின்ற சாம்பல் நிறக் கூப்பே (கூரை மூடிய கார்), பதிவு எண் 9600 ஹெச்.பி., இங்கிலாந்திலிருந்து சாலை வழியாகவே ஓட்டிக்கொண்டு வரப்பட்டது. ஓட்டிப் பார்க்கக் கூட்டம் முண்டியடிக்கவே, காவன்ட்ரி தொழிற்சாலைக்குத் தகவல் பறந்தது. சோதனை ஓட்டுநர் நார்மன் டூயிஸ் 77 ஆர்.டபிள்யூ. என்ற திறந்த காரை எடுத்துக்கொண்டு இரவோடு இரவாகக் கிளம்பி, மறுநாள் காலை ஜெனீவாவில் போய் நின்றார். காரின் விலை 2,100 பவுண்டு அளவில் இருந்தது. அன்றைக்கு ஆஸ்டன் மார்ட்டின் டிபி4 வாங்க அதைப்போலக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு கொடுக்க வேண்டும். மணிக்கு 150 மைல் போகும் என்றார்கள். பத்திரிகைச் சோதனையில் அந்த வேகம் வந்தது உண்மை. சோதனைக்குக் கொடுத்த வண்டியைக் கொஞ்சம் கூடுதலாகக் கவனித்துத் தயார் செய்திருந்தார்கள் என்பதும் உண்மை.

வடிவம் மால்கம் சேயருடையது. பிரிஸ்டல் விமான நிறுவனத்தில் வேலை பார்த்துவிட்டு வந்தவர், கணக்குப் போட்டு வளைவுகளை வரைந்தவர். லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை 1955, 1956, 1957 என்று தொடர்ந்து மூன்று முறை வென்ற டி-டைப்பும் அவர் வரைந்ததுதான். டி-டைப்பிடமிருந்து இ-டைப்புக்கு ஒரு முக்கியமான சொத்து வந்தது. நடு உடல் மட்டும் மோனோகாக், அதாவது தகடுகளைச் சேர்த்து வெல்டு செய்த ஒரு பெட்டி. அதன் முன்னால், ரெனால்ட்ஸ் எஃகுக் குழாய்களால் செய்த ஒரு சட்டகத்தை போல்ட் போட்டு மாட்டியிருப்பார்கள். இன்ஜினும் முன் சஸ்பென்ஷனும் அந்தச் சட்டகத்தில்தான் உட்காரும். இந்த போல்ட் விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் பெரிய வம்பு அதில்தான் வருகிறது.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். இ-டைப் அரிய கார் இல்லை. 1974 வரை 72,000-க்கும் மேல் செய்தார்கள், அதில் பெரும்பகுதி அமெரிக்காவுக்குப் போனது. எண்ணிக்கையை வைத்து விலை ஏறும் பொருள் அல்ல இது. அதனால்தான் சேகரிப்பாளர்கள் அந்த 72,000-ஐ அரித்து அரித்துச் சின்னச் சின்னக் கூட்டங்களாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். அந்தப் பிரிவினையில் வேடிக்கையான ஒரு தர்க்கம் ஓடுகிறது.

முதலில் வந்த சுமார் 500 கார்களில் பானட்டின் பூட்டு வெளியே இருந்தது. பானட்டைத் திறக்க அதற்கென்று ஒரு தனிச் சாவியை வண்டியில் வைத்திருக்க வேண்டும். இது தொந்தரவு என்று தெரிந்ததும் பூட்டை உள்ளே கொண்டுபோனார்கள். அதேபோல, 1962-இன் தொடக்கம் வரை வந்த வண்டிகளின் தரைத் தகடு தட்டையாக இருந்தது. உயரமான ஓட்டுநர் கால் நீட்ட முடியாமல் அவஸ்தைப்பட்டார், எனவே கால் வைக்கும் இடத்தைப் பள்ளமாக்கினார்கள். 3.8 லிட்டர் காரின் மாஸ் ரக கியர்பாக்ஸில் முதல் கியருக்கு, பற்கள் உரசாமல் கியர் விழ உதவும் சின்க்ரோமெஷ் கிடையாது, பொறுமை இல்லாதவர் கையில் பல் கடிக்கும். பிரேக் பூஸ்டரும் பெரிதாகச் சொல்லிக்கொள்ளும்படி இல்லை, இருக்கைகள் முதுகை வாட்டின. 1964 அக்டோபரில் 4.2 லிட்டர் வந்தபோது கியர்பாக்ஸ், பிரேக், இருக்கை மூன்றும் திருந்தின. ஓட்டுகிறவரைக் கேட்டால் 4.2 தான் நல்ல கார் என்பார். ஏலத்தில் கேட்டால், வெளிப்பூட்டும் தட்டைத் தரையும் உள்ள, கால் நீட்ட முடியாத, கியர் கரகரக்கும் கார்தான் விலை உயர்ந்தது. எந்தக் குறைகளைத் திருத்த ஜாகுவார் பாடுபட்டதோ, அந்தக் குறைகளுக்குத்தான் இன்றைக்குக் கூடுதல் விலை.

1966-இல் வந்த நீளமான, பின்னால் சின்ன இருக்கை வைத்த 2+2 மாடல் இந்த வரிசையில் எப்போதும் அடியில்தான். 1968-க்குப் பிந்தைய இரண்டாம் வரிசை (சீரிஸ் 2) கார்களில் முகப்பு விளக்கின் கண்ணாடி மூடி போய்விட்டது. அமெரிக்கப் புகைக் கட்டுப்பாட்டுக்காக அங்கே போன வண்டிகளில் மூன்று எஸ்.யூ. கார்புரேட்டருக்குப் பதில் இரண்டு ஸ்ட்ராம்பெர்க் வந்தன. 1971 முதல் 5.3 லிட்டர், 12 சிலிண்டர். அதற்குத் தனி ரசிகர்கள் இருக்கிறார்கள், ஆனால் விலையில், 1968 வரை வந்த முதல் வரிசை (சீரிஸ் 1) கார்களைத் தொடுவதில்லை.

சரி, ரெஸ்டோரேஷனுக்கு வருவோம். இந்தக் காருக்கு அது ஏன் இவ்வளவு பெரிய வேலையாகிறது?

முதல் காரணம் துரு. அந்தக் காலத்து பிரிட்டிஷ் கார்களில் மூடிய பெட்டிப் பகுதிகளின் உட்புறத்துக்குத் துருத்தடுப்பு என்று பெரிதாக எதுவும் செய்யவில்லை. குளிர்காலத்தில் அங்கே சாலையில் உப்பைக் கொட்டுவார்கள். தண்ணீரும் உப்பும் உள்ளே போய்த் தங்கிவிடும். வெளியே பெயிண்ட் ஒழுங்காக இருக்கும்போதே உள்ளே தகடு மாவாகிக்கொண்டிருக்கும். கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் பகுதியை சில் என்பார்கள். இ-டைப்பில் உடலின் வலு பெரும்பாலும் இந்த சில்லில்தான் இருக்கிறது, முதலில் அரிப்பதும் இதுதான். 1970-களில் இ-டைப் வெறும் பழைய கார், அதிகம் குடிக்கும் பழைய கார். அன்று அதற்கு யாரும் பணம் செலவழிக்கவில்லை. அரித்த சில்லின்மேல் இன்னொரு தகட்டை வைத்து வெல்டு செய்து, பட்டி பூசி, பெயிண்ட் அடித்துத் தள்ளிவிட்டார்கள். இன்று பட்டறைக்கு வரும் வண்டிகளில் பாதி வேலை, அன்று செய்த டிங்கரிங்கைப் பிரித்தெடுப்பதுதான்.

சில்லை வெட்டி எடுக்கும் நேரம் ஆபத்தானது. கதவு இருக்கும் இடைவெளிக்குக் குறுக்கே இரும்புக் கம்பி வைத்து முட்டுக்கொடுக்காமல் வெட்டினால், உடல் நடுவில் தொய்ந்துவிடும். சில மில்லிமீட்டர்தான். ஆனால் அந்தத் தொய்வோடு புது சில்லை வெல்டு செய்துவிட்டால் பிறகு எந்தக் கதவும் ஒழுங்காக மூடாது. திறந்த கார்களில் இது இன்னும் மோசம், தாங்கிப் பிடிக்க மேலே கூரை இல்லையே. நல்ல பட்டறைகள் உடலை ஒரு ஜிக்கில், அதாவது அளவெடுத்துச் செய்த இரும்புச் சட்டத்தில், பூட்டி வைத்துத்தான் தொடுவார்கள்.

பானட் தனிக் கதை. காரின் நீளத்தில் பாதியளவு அதுதான். முன்பக்கம் கீல் வைத்து, மொத்த மூக்கும் முன்னால் சாயும். பல துண்டுகளைச் சேர்த்துச் செய்த அதைத் தொழிற்சாலையிலேயே கையால் தேய்த்து, ஈயம் இழைத்து, அந்தந்த வண்டிக்குப் பொருத்தினார்கள். ஒன்றின் பானட் இன்னொன்றில் அப்படியே உட்காராது. விற்பனைக்கு நிற்கும் இ-டைப்பைப் பார்க்கப் போகும் அனுபவசாலி முதலில் குனிந்து பார்ப்பது இந்த இடத்தைத்தான். பானட்டின் பின் விளிம்பும் கதவும் சந்திக்கும் கோடு மேலிருந்து கீழ்வரை ஒரே அகலமாக இருக்கிறதா? கதவின் முன் இடைவெளியும் பின் இடைவெளியும் ஒன்றா? கதவை மூடும்போது கையில் என்ன உணர்வு? மேலே ஒட்டி, கீழே அகன்று போனால் உடல் தொய்ந்திருக்கிறது என்று அர்த்தம். பெயிண்டில் எதை வேண்டுமானாலும் மறைக்கலாம், இடைவெளியில் மறைக்க முடியாது.

இத்தனையும் ஆயிரக்கணக்கான மணி நேர வேலை. பிரிட்டனில் பேர் பெற்ற பட்டறை ஒன்றில் முழு ரெஸ்டோரேஷன் ஒரு லட்சம் பவுண்டைத் தாண்டுவது சாதாரணம். எளிமையான மாடல் என்றால் செலவு விலையை விழுங்கிவிடும். ரெஸ்டோர் செய்த காரை விற்பவர்களில் கணிசமானவர்கள் நஷ்டத்துக்குத்தான் விற்கிறார்கள். பணம் பார்க்கும் ஆசையில் இதில் இறங்குகிறவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. இன்னொருவர் பணத்தில் ரெஸ்டோர் ஆன வண்டியை வாங்குவது பெரும்பாலும் லாபம், அவர் என்ன செய்தார் என்று தெரிந்தால்.

அதைத் தெரிந்துகொள்ள எண்களிடம் போக வேண்டும். இ-டைப்பில் ஒரு சின்ன அலுமினியத் தகடு உண்டு. சேஸிஸ், இன்ஜின், பாடி, கியர்பாக்ஸ் என்று நான்கு எண்களும் அதில் பொறித்திருக்கும். சேஸிஸ் எண்ணிலேயே வண்டியின் வகை தெரியும். 3.8 லிட்டர் கார்களில் 850001-இல் தொடங்கும் வரிசை வலக்கை ஓட்டு, அதாவது ஸ்டியரிங் வலப்பக்கம் உள்ள, திறந்த கார், 860001 வலக்கைக் கூப்பே, 875001 இடக்கைத் திறந்த கார், 885001 இடக்கைக் கூப்பே. பிரிட்டனில் விலை கேட்கும்போது இது பெரிய விஷயம். அங்கே பிறந்து அங்கேயே ஓடிய வலக்கை வண்டிகள் குறைவு. அமெரிக்காவிலிருந்து திரும்பக் கொண்டுவந்து ஸ்டியரிங்கை வலப்பக்கம் மாற்றிய வண்டி பார்வைக்கு அதேதான். ஆனால் எண் 87-இலோ 88-இலோ ஆரம்பித்தால் மாற்றியது தெரிந்துவிடும், விலையும் இறங்கிவிடும்.

இன்ஜின் எண் பிளாக்கில் ஆயில் ஃபில்டருக்கு மேலே அடித்திருக்கும், 3.8 லிட்டர் இ-டைப்பில் அது ஆர் என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும். ஜாகுவாரின் பெரிய செடான்களிலும் இதே எக்ஸ்.கே. இன்ஜின் குடும்பம்தான் ஓடியது. அதனால் 1970-களில் இன்ஜின் போன இ-டைப்புக்குப் பழைய செடானின் இன்ஜினைத் தூக்கி வைப்பது வழக்கமான வேலை. சேகரிப்பாளர் உலகில் அது பெரிய அடி. ஆகவே எண்ணைச் சுரண்டிவிட்டு வேறு எண் அடிக்கும் ஆசாமிகளும் உண்டு. விவரம் தெரிந்தவர் எண்ணை மட்டும் படிப்பதில்லை. எண்ணைச் சுற்றியுள்ள உலோகப் பரப்பில் தொழிற்சாலை இழைப்புக் கோடுகள் இருக்கின்றனவா, அங்கே மட்டும் மழுமழு என்று இருக்கிறதா என்று பார்ப்பார்.

இப்போது அந்த போல்ட். சேஸிஸ் எண்ணைத் தகட்டில் பொறித்தது தவிர உலோகத்திலும் அடித்தார்கள் இல்லையா, எங்கே அடித்தார்கள்? மோனோகாக்கில் இல்லை. முன்னால் போல்ட் போட்டு மாட்டிய சட்டகத்தின் மேற்பகுதியில், ஷாக் அப்சார்பர் மாட்டும் இடத்துக்கு அருகே. அதாவது காரின் அடையாளமே, பத்துப் பதினைந்து போல்ட்டைக் கழற்றினால் கையோடு வந்துவிடும் ஒரு பாகத்தில் இருக்கிறது. அந்தக் குழாய்கள் உள்ளிருந்து துருப்பிடிப்பவை, வெளியே தட்டிப் பார்த்தால் தெரியாது. பாதுகாப்பு என்று பார்த்தால் மாற்றுவதே புத்திசாலித்தனம். மாற்றினால் எண் போய்விடும். புதுச் சட்டகத்தில் அதே எண்ணை மறுபடி அடிக்கலாமா? அடித்தால் அது மறைப்பா, வெறும் பராமரிப்பா? நேர்மையான பட்டறை பழைய துண்டை வெட்டிப் பத்திரப்படுத்தி, புகைப்படத்தோடு கோப்பில் வைக்கும். நேர்மை இல்லாத இடத்தில், நசுங்கிப்போன வண்டியின் சட்டகமும் அலுமினியத் தகடும் பதிவுச் சான்றும் சேர்ந்து ஒரு புது உடலுக்கு உயிர் கொடுத்துவிடும். புது உடல் கிடைப்பதும் கஷ்டமில்லை. இங்கிலாந்தின் நனீட்டனில் உள்ள மார்ட்டின் ரோபி நிறுவனம் இ-டைப்புக்கு முழு உடலே செய்து தருகிறது. ரெஸ்டோரேஷனுக்கு அது வரப்பிரசாதம். ஏமாற்ற நினைப்பவனுக்கும் அப்படியே.

ஹெரிடேஜ் சான்றிதழ் இதைத் தடுக்காதா என்று கேட்கலாம். ஜாகுவார் டெய்ம்லர் ஹெரிடேஜ் டிரஸ்ட் தொழிற்சாலைப் பேரேடுகளைப் பார்த்து அதைத் தருகிறது. இந்த எண்ணில் பிறந்த வண்டி என்ன நிறம், உள்ளே என்ன தோல், எந்த இன்ஜின், எந்த டீலருக்குப் போனது என்றெல்லாம் அதில் இருக்கும். நல்ல ஆவணம். ஆனால் அந்த வண்டி எப்படிப் பிறந்தது என்பதைத்தான் அது சொல்லும். கண்முன் நிற்பது அந்த வண்டிதானா என்பதை அது சொல்லாது, சொல்லவும் முடியாது. விளம்பரங்கள் இந்த இரண்டையும் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன.

அரசாங்கத்தின் கணக்கு வேறு மாதிரி. அடியோடு மாற்றப்பட்ட வண்டி தன் பழைய பதிவு எண்ணை வைத்துக்கொள்ளலாமா என்று முடிவுசெய்ய பிரிட்டனின் வாகனப் பதிவுத் துறை நெடுங்காலம் ஒரு மதிப்பெண் முறை வைத்திருந்தது. சேஸிஸ் அல்லது மோனோகாக் பழையதாகவோ தயாரிப்பாளரிடமே வாங்கிய புதியதாகவோ இருந்தால் 5 மதிப்பெண். சஸ்பென்ஷன், ஆக்சில்கள், கியர்பாக்ஸ் முதலான டிரான்ஸ்மிஷன், ஸ்டியரிங் ஆகியவற்றுக்குத் தலா 2. இன்ஜினுக்கு வெறும் 1. எட்டு வந்தால் பழைய எண் தங்கும். சேகரிப்பாளர் எந்த இன்ஜின் எண்ணுக்காகப் பணத்தைக் கொட்டுகிறாரோ, அரசாங்கம் அதை மொத்தத்திலேயே கடைசியில் வைத்தது. யார் சரி என்றால், இரண்டு பேரும் வேறு வேறு கேள்விக்குப் பதில் சொல்கிறார்கள். ஒருவர் கேட்பது சாலையில் ஓடும் பொருளின் அடையாளம், மற்றவர் கேட்பது அதன் பிறப்பு.

இந்தக் கேள்வி ஒரு முறை லண்டன் நீதிமன்றம் வரை போனது. அது ஜாகுவார் இல்லை, பென்ட்லி. 1929, 1930 இரண்டு ஆண்டும் லெ மான் பந்தயத்தை வென்ற ஸ்பீடு சிக்ஸ் கார், ஓல்டு நம்பர் ஒன் என்று பெயர். அதன்பின்னும் பந்தயங்களில் ஓடி, பாகம் பாகமாக மாறி, கடைசியில் 8 லிட்டர் இன்ஜின் ஏறியது. 1932-இல் புரூக்லண்ட்ஸில் தடத்தின் மேட்டைத் தாண்டிப் பறந்து விழுந்து, ஓட்டிய கிளைவ் டன்ஃபீ இறந்தார். அதற்குப் பிறகும் அது வேறு உடலோடு மறுபடி கட்டப்பட்டது. 1990-இல் உரிமையாளர் அதை ஒரு கோடி பவுண்டுக்கு ஒரு நிறுவனத்துக்கு விற்க ஒப்பந்தம் போட்டார். வாங்க ஒப்புக்கொண்டவர்கள் பின்வாங்கினார்கள்: 1929-இல் ஓடிய காரில் மிஞ்சியிருப்பது மிகச் சொற்பம், எனவே இது அந்தக் கார் அல்ல என்பது அவர்கள் வாதம்.

நீதிபதி ஆட்டன் பொறுமையாகப் பாகம் பாகமாக ஆராய்ந்தார். முதல் வெற்றிக் காலத்து இரும்பு ஏறக்குறைய எதுவும் இல்லை என்பதை ஏற்றுக்கொண்டார். இருந்தும் தீர்ப்பு உரிமையாளர் பக்கம். புதுப் பாகங்கள் ஒரே நாளில் வரவில்லை. காலப்போக்கில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து காரோடு கலந்துவிட்டன, எந்தக் கட்டத்திலும் அது தன் அடையாளத்தை இழக்கவில்லை, அந்தப் பெயருக்கு உரிமை கோரும் வேறு பென்ட்லி எதுவும் உலகில் இல்லை என்றார். விற்பனைக்கு வந்தது உலோகம் மட்டுமல்ல, வரலாறும் புகழும்கூட என்பது அவர் வைத்த காரணம். வாங்க ஒப்புக்கொண்டவர்கள் பணத்தைக் கொடுக்க வேண்டியதாயிற்று.

இந்தத் தீர்ப்பை விற்பனையாளர்கள் இன்றும் ஆசையோடு எடுத்துச் சொல்கிறார்கள். ஆனால் அதில் ஒரு கூர்மையான முனை இருக்கிறது, அதை அவ்வளவாகச் சொல்வதில்லை. கொஞ்சம் கொஞ்சமாக மாறியதுதான் பென்ட்லியைக் காப்பாற்றியது. ஒரு பட்டறையில் இரண்டு வருடம் கிடந்து, உடல், சட்டகம், பானட், உள்வேலை எல்லாம் ஒரே மூச்சில் புதிதாக வெளியே வரும் இ-டைப்புக்கு அந்த வாதம் அவ்வளவு சுலபமாகப் பொருந்தாது என்பது என் எண்ணம். பந்தயம் வென்ற புகழும் சாதாரண இ-டைப்புக்கு இல்லை. அதற்கு இருப்பது பழைய இரும்பும் காகிதமும்தான்.

இந்த எண்ணம் சேகரிப்பாளர்களிடமும் பரவியிருக்கிறது. உலக அளவில் பழைய வாகனச் சங்கங்களின் கூட்டமைப்பான ஃபிவா, டூரின் சாசனம் என்று ஒன்றை வைத்திருக்கிறது. பழைய கட்டிடங்களுக்கான பாதுகாப்பு நெறிகளைப் போலவே, முடிந்தவரை குறைவாகக் கைவையுங்கள், இருப்பதைக் காப்பாற்றுங்கள் என்கிறது அது. ஒரு தலைமுறைக்கு முன்பு துருவும் வெடித்த தோலுமாகக் கொட்டகையில் கிடந்த காரைப் பார்த்தால் உடனே பட்டறைக்கு அனுப்பினார்கள். இன்று, முதல் பெயிண்டும் முதல் தோலும் மிஞ்சியிருந்தால், தொடாதே என்கிறார்கள். கண்காட்சிக்காகச் செய்த அதீத ரெஸ்டோரேஷனை இப்போது கொஞ்சம் சந்தேகத்தோடு பார்க்கிறார்கள். காவன்ட்ரியில் எந்தக் காரும் அவ்வளவு பளபளப்பாக வெளியே வந்ததே இல்லை. அன்று அடித்த பெயிண்டில் ஆழம் இருக்கும், கண்ணாடி போல இருக்காது.

தயாரிப்பாளரே களத்தில் இறங்கியதும் குழப்பத்தைக் கூட்டியது. 2008 முதல் டாடா மோட்டார்ஸிடம் இருக்கும் ஜாகுவார், 2017-இல் இ-டைப் ரீபார்ன் என்று பழைய வண்டிகளைத் தானே வாங்கி, முழுவதும் ரெஸ்டோர் செய்து, 2,85,000 பவுண்டிலிருந்து விலை வைத்து விற்றது. அதற்கு முன்பே இன்னொரு துணிச்சலான காரியம். 1963, 64-இல் பந்தயத்துக்காக அலுமினிய உடலோடு 18 லைட்வெயிட் இ-டைப்கள் செய்யத் திட்டமிட்டு, 12 மட்டுமே செய்திருந்தார்கள். ஐம்பது வருடம் கழித்து மீதி ஆறையும் அன்று ஒதுக்கிய எண்களோடு செய்து விற்றார்கள். எண் பழையது, தொழிற்சாலை அதேதான், இரும்பும் அலுமினியமும் புத்தம் புதுசு. இது அசலா? சந்தை ஒரு விதமாகப் பதில் சொல்லிவிட்டது. 1963-இல் பிறந்த லைட்வெயிட் ஒன்று 2017 ஜனவரியில் அமெரிக்காவின் ஸ்காட்ஸ்டேலில் போனாம்ஸ் ஏலத்தில் 73.7 லட்சம் டாலருக்குப் போனது. புதிதாகச் செய்த ஆறுக்கும் அந்த உயரம் கிடையாது.

இன்னொரு வழியில் போகிறவர்கள் அசல் என்ற பேச்சையே விட்டுவிட்டார்கள். இங்கிலாந்தின் சஸெக்ஸில் உள்ள ஈகிள் நிறுவனம் 1980-களிலிருந்து இ-டைப்பில் மட்டுமே கவனம் செலுத்துகிறது. நல்ல பிரேக், ஐந்து கியர், நவீன சஸ்பென்ஷன் என்று முழுக்க மேம்படுத்தித் தருகிறார்கள், விலையும் அசல் காரை விடப் பல மடங்கு. ஜாதகத்தை மூடி வைத்துவிட்டு, செய்தவர் கைத்திறனுக்குக் காசு கொடுக்கும் வியாபாரம் அது. எனக்கு அதில் குறை ஒன்றும் தெரியவில்லை. சொல்லிவிட்டுத்தான் செய்கிறார்கள்.

ஏலப் பட்டியலைப் படிக்கும்போது ஒரு பழக்கம் வேண்டும். ஏல நிறுவனம் நேரடியாகச் சொல்வது எது, விற்பவர் சொல்வதாகச் சொல்வது எது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். "விற்பவர் தெரிவித்தபடி", "என்று நம்பப்படுகிறது" என்றெல்லாம் வந்தால், அதற்கு நாங்கள் பொறுப்பு இல்லை என்று அர்த்தம். சுத்தியல் தட்டும்போது வரும் தொகை மட்டும் விலை அல்ல, வாங்குபவர் கமிஷனும் அதன்மேல் வரியும் சேரும். பிரிட்டனில் ஒரு சலுகை உண்டு: சொந்தக் காரை விற்று வரும் லாபத்துக்கு மூலதன ஆதாய வரி கிடையாது. பணக்காரர்கள் இந்தப் பக்கம் வந்ததற்கு அதுவும் ஒரு காரணம். அதற்காக விலை ஏறிக்கொண்டே போகும் என்று நினைக்கக் கூடாது. 1980-களின் கடைசியில் தலைகால் தெரியாமல் ஏறிய பழைய கார் சந்தை, 1990-களின் தொடக்கத்தில் விழுந்தபோது இ-டைப் வாங்கி அடுக்கி வைத்திருந்த பலர் கையைச் சுட்டுக்கொண்டார்கள்.

வாங்கத்தான் போகிறார் ஒருவர் என்றால், முடிந்த காரின் அழகான படங்களை ஒதுக்கிவிட்டு, பெயிண்டைச் சுரண்டி வெற்றுத் தகடாக நின்ற நாளில் எடுத்த படங்களைக் கேட்க வேண்டும். எது வெட்டப்பட்டது, எது மிஞ்சியது என்பது அதில்தான் தெரியும். அந்தப் படங்கள் இல்லை என்று சொல்லும் ரெஸ்டோரேஷனுக்கு முழு விலை கொடுக்கத் தேவையில்லை. பில்கள், பழைய பதிவுச் சான்றுகள், கழற்றிய பாகங்கள் இருந்தால் அவையும் வண்டியோடு வர வேண்டும். இ-டைப் மட்டுமே பார்க்கும் ஒரு மெக்கானிக்குக் கட்டணம் கொடுத்து, முன் சட்டகத்தையும் சில்லையும் லிஃப்டில் தூக்கிப் பார்க்கச் சொல்வது, மொத்தச் செலவில் கணக்கிலேயே வராத தொகை. காட்சிக்கு நிறுத்தி வைக்க அல்ல, ஞாயிற்றுக்கிழமை காலையில் ஓட்டத்தான் வேண்டும் என்றால், தட்டைத் தரையை மறந்துவிட்டு 4.2 லிட்டர் கூப்பேயைத் தேடலாம். கால் நீட்டலாம், கியர் கடிக்காது, பிரேக் பிடிக்கும், விலையும் குறைவு.